வலிக்காத இடத்தை நம்பாதீங்க: ஊசியும் தோலும், வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "ஊசி போட்டு போட்டு தோலெல்லாம் ஒரு வழியாயிடுச்சுன்னு இருக்கறவங்க எழுதுங்க"ன்னு ரெண்டே ரெண்டு வரி போட்டேன். வந்த கடிதத்தைப் பார்த்தா தெருவுக்கு நாலு வீட்ல யாராவது ஒருத்தர் வயித்தைப் பிடிச்சு ஊசி குத்திக்கிட்டுதான் இருக்காங்க போல. முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. எனக்கு டைப் 1 சுகர், 22 வருஷமா இன்சுலின். இப்ப நாளைக்கு நாலு ஊசி, வருஷத்துக்கு 1460, அத்தனையும் இந்த ஒரே ஒடம்புலதான். அதனால டோஸ் கூட்டறது குறைக்கறதெல்லாம் உங்க டாக்டர் வேலை, தோலை எப்படிப் பார்த்துக்கறதுங்கறதை மட்டும் என்கிட்ட கேளுங்க.

அக்கா, எங்க அம்மாவுக்கு 61 வயசு. 9 வருஷமா காலையும் ராத்திரியும் இன்சுலின். தொப்புளுக்கு ரெண்டு பக்கமும் மெத்துன்னு வீங்கியிருக்கு, சின்ன இட்லியைக் கவுத்து வச்ச மாதிரி. வலியே இல்லையாம். "அங்க போட்டா குத்தறதே தெரியல, அதான் அங்கயே போட்டுக்கறேன்"ங்கறாங்க. சாப்பாடு தினமும் ஒரே மாதிரிதான், ஆனா சுகர் ஒரு நாள் 300, ஒரு நாள் 65. யூனிட் ஏறிக்கிட்டே போகுது. இது என்ன கட்டி, ஆபரேஷன் பண்ணணுமா?
– வாசகி, தேனி

ஆபரேஷன் பேச்சை இப்ப எடுக்காதீங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா இது ஊசி போடறவங்களுக்கு ரொம்ப சகஜமா வர்ற கொழுப்புக்கட்டி மாதிரிதான் தெரியுது, டாக்டருங்க லைப்போஹைப்பர்ட்ரோஃபின்னு எழுதுவாங்க. இன்சுலினோட குணமே கொழுப்பைச் சேத்து வைக்கறதுதான். ஒரே இடத்துல தினமும் ஊத்திக்கிட்டே இருந்தா அந்த இடத்துக் கொழுப்பு கொழுத்துப் போயிடும், ஊசி குத்திக் குத்தி ஆற நேரமில்லாததும் சேந்துக்கும். வேற ஏதாவது கட்டியான்னு ஒரு தடவ டாக்டர் கை வச்சுப் பாத்து சொல்லிடட்டும், அது அவசியம்.

இதுல பெரிய துரோகம் என்னன்னா அந்த இடம் வலிக்காது. உணர்ச்சி மந்தமாயிடும், அதனால மனுஷங்க தேடித் தேடி அங்கயே குத்துவாங்க, உங்க அம்மா மட்டும் இல்ல நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா கட்டிக்குள்ள போன மருந்து எப்ப ரத்தத்துல கலக்கும்னு அதுக்கே தெரியாது. இன்னைக்கு பாதி உள்ளயே தங்கிடும், சுகர் 300. நாளைக்கு தங்கினதும் சேந்து இறங்கும், 65. இது தெரியாம "சுகர் குறையலையே"ன்னு யூனிட்டை ஏத்திக்கிட்டே போனா அந்தக் கட்டிக்குத்தான் தீனி போடறோம்.

இப்ப இடத்தை மாத்தணும், ஆனா தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு இன்னைக்கு ராத்திரியே அதே யூனிட்டை வேற இடத்துல போட்டுடாதீங்க. நல்ல தோல்ல போட்டா மருந்து முழுசா வேலை செய்யும், சுகர் திடீர்னு கீழ போயிடும். எனக்கு நடந்திருக்கு. சித்தி பொண்ணு கல்யாணம், பட்டுப் புடவையை இறுக்கிக் கட்டிட்டேன், வயித்துல போட முடியல, சரி தொடையில போடுவோம்னு வழக்கமான யூனிட்டையே போட்டுட்டு பந்திக்குக் காத்திருந்தேன். முகூர்த்தம் முடியறதுக்குள்ள வேர்த்துக் கொட்டி கை நடுங்கி கண்ணு இருட்டிடுச்சு, "பொண்ணு பசி தாங்கலடீ"ன்னு ஒரு பெரியம்மா பாதாம் பாலை வாயில ஊத்தினாங்க, அவங்களுக்குத் தெரியாமயே சரியான வைத்தியம் பாத்துட்டாங்க. அதனால டாக்டர்கிட்ட கட்டியைக் காட்டி, இடம் மாத்தப் போறேன்னு சொல்லி, எத்தனை யூனிட் குறைச்சு ஆரம்பிக்கணும்னு கேட்டுக்கிட்டு மாத்துங்க. மாத்தின பிறகு கொஞ்ச நாளைக்கு சுகரை அடிக்கடி குத்திப் பாருங்க. 70க்குக் கீழ வந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாக்கணும்.

இடம் மாத்தறதுன்னா வலது பக்கம் இடது பக்கம்னு ரெண்டு புள்ளியில மாத்தி மாத்திக் குத்தறது இல்ல. வயித்தை நாலு கட்டமா நினைச்சுக்கோங்க, கோலத்துல நடுப்புள்ளி தொப்புள். தொப்புளைச் சுத்தி ரெண்டு விரல்கடை விட்டுடணும். ஒரு வாரம் ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குள்ளயும் நேத்து குத்தினதுக்கு ஒரு விரல் அகலம் தள்ளி இன்னைக்கு. தொடையோட முன்பக்க வெளிப்புறம், இடுப்புக்குப் பின்னால மேல்பக்கம் எல்லாம் சேத்தா இடம் நிறையவே இருக்கு. ஆனா சாதா ரெகுலர் இன்சுலின் வயித்துல வேகமாவும் தொடையில மெதுவாவும் ஏறும், அதனால காலை ஊசி வயித்துலன்னா தினமும் காலைல வயித்துலயே, ராத்திரி ஊசி தொடையிலன்னா ராத்திரி தொடையிலயே வச்சுக்கிட்டா சுகர் ஆட்டம் போடாது.

கட்டி இருக்கற இடத்தைச் சுத்தி பேனாவால வட்டம் போட்டு அதுக்குள்ள குத்தவே கூடாதுன்னு வச்சுடுங்க. ஓய்வு குடுத்தா சின்னதாகும், ஆனா மாசக் கணக்குல ஆகும், பொறுமை வேணும். மாசத்துக்கு ஒரு தடவ குளிக்கறப்ப விரல்ல சோப்பு நுரையோ தேங்காய் எண்ணெயோ தொட்டுக்கிட்டு ஊசி போடற எடமெல்லாம் வட்டமா தடவிப் பாக்கச் சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியாத கட்டி கைக்குத் தெரியும்.

வணக்கம்மா, நாமக்கல், லாரி ஓட்டறேன். ஊசி போட்டதும் சுரீர்னு எரியுது, அந்த இடம் சிவந்து தடிச்சு அரிக்குது, ஒரு மணி நேரத்துல போயிடுது. நீடிலை ஒரு வாரம் வச்சுக்குவேன், பொய் சொல்ல விரும்பல. மருந்தை வண்டியில ஐஸ் டப்பால வச்சிருக்கேன். இன்சுலினே எனக்கு ஒத்துக்கலன்னு கூட வர்ற பையன் சொல்றான், நிறுத்திடலாமா?

நிறுத்தாதீங்க அண்ணே, அந்தப் பையனை வண்டியை மட்டும் கவனிக்கச் சொல்லுங்க. உண்மையைச் சொல்லி எழுதினதுக்கு முதல்ல நன்றி, பாதிப் பேரு டாக்டர்கிட்டயே "தினமும் புது நீடில்தான் சார்"னு சொல்லிட்டு வந்துடறாங்க.

ஒவ்வொண்ணா பாப்போம். ஐஸ் டப்பால இருந்து எடுத்து ஜில்லுன்னு குத்தினா எரியத்தான் செய்யும். அதைவிட முக்கியம், இன்சுலின் ஐஸைத் தொட்டுக்கிட்டே கிடந்து ஒரு தடவ உறைஞ்சுடுச்சுன்னா அவ்வளவுதான், உருகினாலும் தூக்கித்தான் போடணும். இப்ப போட்டுக்கிட்டிருக்கற பென்னோ (பேனா மாதிரி இருக்கற இன்சுலின் ஊசி) குப்பியோ ஃப்ரிட்ஜுக்கு வெளியவே சுமார் நாலு வாரம் தாங்கும், ஆனா 30 டிகிரிக்கு மேல போகக் கூடாது. நம்ம ஊர் வெயில்ல கேபின் டேஷ்போர்டு மேல வச்சா சோறே வெந்துடும், அதனால ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவுல துணியைச் சுத்தி வைங்க, போடறதுக்கு அரை மணி நேரம் முன்ன வெளிய எடுத்துடுங்க. வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க மண்பானை முறையை வச்சுக்கலாம், பெரிய பானைக்குள்ள ஈர மணல், அதுக்கு நடுவுல சின்னப் பானை, அதுக்குள்ள மருந்து. எங்க ஆச்சி வீட்ல எனக்கு அப்படித்தான் வச்சாங்க.

அடுத்தது ஸ்பிரிட். பஞ்சால துடைச்ச கையோட குத்தினா ஈர ஸ்பிரிட் ஊசியோட சேந்து உள்ள போயி எரியும். காய விடணும். குளிச்ச சுத்தமான தோலுன்னா ஸ்பிரிட்டே தேவையில்ல. கையை மட்டும் சோப்பு போட்டுக் கழுவுங்க, கியர் பிடிச்ச கையோட வேணாம்.

நீடில். ஊசி முனையில வழுக்கிக்கிட்டு உள்ள போறதுக்குன்னு ஒரு மெல்லிசான பூச்சு இருக்கும், ஒரு தடவ குத்தினாலே அது தேய ஆரம்பிச்சுடும், ஒரு வாரத்துல முனையும் மழுங்கிடும். கிழிச்சுக்கிட்டுதான் போகும், அதுதான் அந்த சுரீர். சிலர் கெட்டிக்காரத்தனமா ஸ்பிரிட் போட்டு ஊசியைத் துடைப்பாங்க, அந்தப் பூச்சு இன்னும் சீக்கிரம் போறதுக்குத்தான் அது வழி. நீடிலைப் பென்லயே மாட்டி வச்சா காத்து உள்ள போயி மருந்தும் கசியும், டோஸே தப்பாயிடும். ஒரு நீடில் ஒரு ஊசிக்குத்தான்னு அட்டையிலயே போட்டிருக்கும். காசு கையைக் கடிக்கும்தான், நான் மறுக்கல, நானும் ஹாஸ்டல்ல இருந்தப்ப ரெண்டு நாள் மூணு நாள்னு இழுத்தவதான், அப்ப வந்த கட்டி இன்னும் இடது தொடையில ஞாபகார்த்தமா இருக்கு. ஒரு வாரத்தை இன்னைக்கே விட்டுடுங்க. இன்னொருத்தர் நீடிலோ பென்னோ மட்டும் எந்தக் காரணத்துக்கும் வாங்கிப் போட்டுக்காதீங்க, நீடிலை மாத்திட்டாலும் பென்னைப் பங்கு போடக் கூடாது.

நீளமும் பாருங்க. பென்னுக்கு 4 மில்லிமீட்டர் நீடில் போதும், தொப்பை எவ்வளவு இருந்தாலும் போதும், ஏன்னா தோலோட தடிமன் எல்லாருக்கும் ஏறக்குறைய 2, இரண்டரை மில்லிமீட்டர்தான். நேரா குத்தி, பட்டனை முழுசா அமுக்கி, பத்து எண்ணிட்டு எடுங்க. தேய்க்காதீங்க.

இதையெல்லாம் சரி பண்ணியும் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல தடிப்பு வந்துக்கிட்டே இருந்தா டாக்டர்கிட்ட போங்க, உண்மையிலயே அலர்ஜியாவும் இருக்கலாம். இன்சுலின்ல மருந்து மட்டும் இல்ல, கெடாம இருக்க கிரெசால்னு ஒண்ணு, துத்தநாகம், சிலதுல புரோட்டமின்னு எல்லாம் இருக்கு, எது ஒத்துக்கலன்னு கண்டுபிடிச்சு வேற வகைக்கு மாத்திக் குடுப்பாங்க. ஒடம்பு முழுக்க தடிப்பு, உதடு வீங்கறது, மூச்சு முட்டறது, இது எது வந்தாலும் வண்டியை ஓரங்கட்டிட்டு 108தான்.

இந்த இடத்துல ஒரு பழைய கதை. 1922 ஜனவரி 11, டொராண்டோவுல லெனார்ட் தாம்சன்னு 14 வயசுப் பையனுக்கு முதன்முதலா இன்சுலின் போட்டாங்க, மாட்டுக் கணையத்துல இருந்து எடுத்தது. சரியா சுத்தமாகாத மருந்து, சுகரும் பெருசா இறங்கல, குத்தின இடத்துல கட்டி வந்ததுதான் மிச்சம். ஜேம்ஸ் காலிப்ங்கற விஞ்ஞானி ராத்திரி பகலா உக்காந்து அதைச் சுத்தம் பண்ணி, ஜனவரி 23 மறுபடி போட்டாங்க, அப்பதான் பையன் தேறினான். இன்சுலினும் தோல் தொந்தரவும் கூடவே பொறந்ததுங்கன்னு எனக்கு அலுப்பா இருக்கற நாள்ல நினைச்சுக்குவேன்.

அக்கா, எனக்கு ஏழு மாசம். ரெண்டு தடவ கலைஞ்சதுக்கப்பறம், ரத்தம் உறையாம இருக்க தினமும் வயித்துல ஊசி போட்டுக்கறேன். வயிறு முழுக்க நீலமும் பச்சையுமா கன்னிப் போயிருக்கு. அத்தை பாத்துட்டு "குழந்தையைக் குத்திடும்டி"ன்னு அழறாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா?
– கோயம்புத்தூர்

விடவே கூடாதும்மா, உங்க டாக்டர் சொல்லாம ஒரு நாள்கூட. அத்தைகிட்ட இதைக் காட்டுங்க: ஊசி மொத்தமே அரை அங்குலம்தான், அதுவும் விரலால பிடிச்சுத் தூக்கின மடிப்புக்குள்ள, தோலுக்கு அடியில இருக்கற கொழுப்புல நிக்குது. அதுக்குக் கீழ தசை, அப்பறம் கர்ப்பப்பை சுவர், அப்பறம் தண்ணி, அதுக்குள்ளதான் பேரப்புள்ள. இந்த ஹெப்பாரின் வகை மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போறதும் இல்ல.

ரத்தம் உறையாம இருக்கத்தானே மருந்து, அப்ப குத்தின எடத்துல ரத்தம் கொஞ்சம் பரவி கன்னிப்போறது எதிர்பாத்ததுதான், அதோட ஆஸ்பிரின் மாத்திரையும் குடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியும். நீலம் பச்சையாகி மஞ்சளாகி வாரம் பத்து நாள்ல மறையும், மறையறதுக்குள்ள அடுத்தது வந்துடறதாலதான் வயிறே மேப் மாதிரி இருக்கு.

குறைக்க வழி இருக்கு. நடுவயித்தை விட்டுட்டு பக்கவாட்டுல, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல போடுங்க, தொப்புள்ல இருந்து ரெண்டு அங்குலமாவது தள்ளி. வயிறு ரொம்ப இறுக்கமாகி மடிப்புக்கே வரலன்னா தொடையில போடலாமான்னு நர்ஸ்கிட்ட கேளுங்க. முன்னாடியே மருந்து நிரப்பி வர்ற சிரிஞ்ச்ல ஒரு காத்துக் குமிழி இருக்கும், பயந்து அதை வெளிய தள்ளாதீங்க, அது வேணும்னுதான் வச்சிருக்காங்க, கடைசி சொட்டு மருந்தை அதுதான் உள்ள தள்ளும். மெதுவா அமுக்குங்க. ஊசியை வெளிய எடுக்கற வரைக்கும் மடிப்பை விடாதீங்க, எடுத்ததும் பஞ்சை வச்சு லேசா அழுத்துங்க, தேய்ச்சா நிச்சயம் கன்னிப்போகும். போடறதுக்கு முன்ன துணியில சுத்தின ஐஸ் ரெண்டு நிமிஷம் வச்சா நிறையப் பேருக்கு நல்லா இருக்கு.

பயப்பட வேண்டியது வேற. குத்தின இடம் கறுத்து வலியோட புண்ணாகறது, சிவப்பா பெரிய பெரிய தடிப்பா நாள் கணக்குல அரிக்கறது, ஈறுல ரத்தம், கீழ ரத்தப்போக்கு, இதெல்லாம் வந்தா அன்னைக்கே போகணும். வலி எடுத்து ஆஸ்பத்திரி போறப்ப கடைசி ஊசி எத்தனை மணிக்கு போட்டீங்கன்னு முதல்ல சொல்லுங்க, முதுகுல மயக்க ஊசி போடறவங்களுக்கு அந்த நேரம் ரொம்ப முக்கியம். ஃபிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிடுங்க, அந்த அவசரத்துல யாருக்கும் ஞாபகம் வராது.

என் தங்கைக்கு எம்.எஸ் நரம்பு வியாதி. கிளாட்டிராமர் ஊசி வாரத்துக்கு மூணு. தொடையில, கையில பள்ளம் பள்ளமா விழுந்திருக்கு, அரிப்பும் இருக்கு. போன மாசம் போட்ட ரெண்டு நிமிஷத்துல முகம் சிவந்து நெஞ்சை இறுக்கி படபடன்னு வந்துடுச்சு, கால் மணி நேரத்துல சரியாப்போச்சு. அதுல இருந்து ஊசியைக் கண்டாலே நடுங்கறா, டாக்டர்கிட்ட சொல்லவும் விட மாட்டேங்கறா.
– சென்னை

டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், அடுத்த ஊசிக்கு முன்னாடி. இந்த மருந்துல சிலருக்கு இப்படி முகம் சிவந்து நெஞ்சு இறுக்கி கால் மணி நேரத்துல தானா அடங்கறது தெரிஞ்ச விஷயம்தான். ஆனா அதே மாதிரி ஆரம்பிச்சு உயிருக்கே ஆபத்தா போற அலர்ஜியும் அபூர்வமா வருது, மருந்து ஆரம்பிச்சு வருஷங்கள் கழிச்சும் வரலாம்னு 2025 ஜனவரியில அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துக்குப் பெரிய எச்சரிக்கையே சேத்திருக்கு. வந்தது எதுன்னு நீங்களும் நானும் வீட்ல உக்காந்து முடிவு பண்ண முடியாது. இனிமே தனியா இருக்கறப்ப போட வேணாம். அடங்காம ஏறிக்கிட்டே போனா, தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தா உடனே ஆம்புலன்ஸ்.

பள்ளம், தேனி அம்மா கதைக்கு நேர் எதிர். அங்க கொழுப்பு கூடுது, இங்க கொழுப்பு கரையுது. முன்ன மாட்டு, பன்னி இன்சுலின் காலத்துல சுகர்காரங்களுக்கும் இந்தப் பள்ளம் நிறைய வந்துச்சு, மருந்து சுத்தமாக ஆகக் குறைஞ்சது. விழுந்த பள்ளம் நிரம்பும்னு நான் ஆசை காட்ட மாட்டேன், பல பேருக்கு அது அப்படியே நின்னுடும். அந்த இடங்களை ஒதுக்கிட்டு மத்த இடங்களை தேதி போட்டு சுத்தி வரணும், ஒரே புள்ளிக்கு ஒரு வாரத்துக்குள்ள திரும்ப வரக் கூடாது. அரிப்புக்கு ஊசிக்கு முன்ன லேசான வெதுவெதுப்பும் பின்ன குளிர்ச்சியும் குடுத்துப் பாருங்க, க்ரீம் எதுவா இருந்தாலும் கேட்டுட்டு. ஊசியே ஆகலன்னா இந்த வியாதிக்கு இப்ப மாத்திரையும் இருக்கு, அவளுக்கு அது சரியா வருமான்னு நரம்பு டாக்டர்கிட்ட தைரியமா கேக்கலாம், அது குத்தமில்ல. கை தெரியற மாதிரி ஜாக்கெட் போடறதையே விட்டுட்டான்னு கடிதத்தோட கடைசில எழுதியிருந்தீங்க. அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. தோல் அழகுக் கவலையெல்லாம் வியாதிக்கு முன்னால சின்ன விஷயம்னு யாராவது சொன்னா அவங்களை நாலு வருஷம் ஊசி போட்டுக்கச் சொல்லுங்க.

துண்டு துண்டா வந்த கேள்விங்க

*குத்தின இடத்துல மஞ்சள் பத்து போடலாமா?* வேணாம். ஓட்டை போட்ட தோல் மேல எதையும் அப்பக் கூடாது, மஞ்சள் போட்டா இடம் சிவக்குதா இல்லையான்னே தெரியாது. சிவப்பு பரவிக்கிட்டே போயி சூடா, வலியா, சீழ் மாதிரி இருந்தா, கூட காய்ச்சலும் வந்தா அன்னைக்கே டாக்டர்.

*ஆபீஸ்ல சட்டை மேலயே குத்திக்கறேன், பரவால்லையா?* பரவா இருக்கு. தோலையே பாக்காம குத்தினா கட்டி இருக்கறது எப்படித் தெரியும்?

*இன்சுலின் போட்டதும் வெந்நீர் ஒத்தடம் குடுத்தா சீக்கிரம் ஏறுமாமே?* ஏறும், அதனாலதான் குடுக்கக் கூடாது, லோ சுகர் ஆயிடும்.

*மூட்டுவாதத்துக்கு அடலிமுமாப் போடறேன், உயிர் போற எரிச்சல்.* ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து 15 நிமிஷத்துல இருந்து அரை மணி வரை வெளிய வச்சுட்டுப் போடுங்க, வெந்நீர்ல முக்காதீங்க. சில கம்பெனி மருந்துல இருக்கற சிட்ரேட்தான் எரியும், சிட்ரேட் இல்லாததும் வருது, கேட்டுப் பாருங்க.

*நீடிலை பேப்பர்ல சுத்தி குப்பைத்தொட்டியில போடறோம், சரியா?* சரியில்ல, குப்பை பிரிக்கற அக்காங்க வெறுங்கையை உள்ள விடறாங்க. தடிமனான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு இறுக்கி மூடி வைங்க, நிறைஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கொண்டு போயி குடுங்க, அங்க ஊசிக்குன்னே வெள்ளை டப்பா இருக்கும். என் வீட்ல காலி ஃபினாயில் பாட்டில். மேல மார்க்கர்ல "தொடாதே"ன்னு எழுதியிருக்கேன், அது எங்க வீட்டுக்காரர் வடை சுட எண்ணெய் தேடறப்ப கைய வச்சதுக்கு அப்பறம் எழுதினது.